சரபாந்தை ஏன் வெட்டினீங்க?

நேத்து அந்த ஹால்ல நடந்த பியானோ கச்சேரியைப் பத்தி ஆளாளுக்கு எழுதிட்டீங்க, நான் சும்மா இருக்கலாம்னுதான் பார்த்தேன், முடியல. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியோட ‘பூர் ல பியானோ’ சூட்ல, அதாவது வரிசையா வாசிக்கிற தொகுப்புல, மொத்தமே மூணு பகுதி. வேகமான பிரெலூட், பழைய நடன நடையில மெதுவா போற சரபாந்த், மறுபடி வேகமான டொக்காட்டா. நேத்து வாசிச்ச பியானிஸ்ட் பிரெலூட் முடிச்ச கையோட நேரா டொக்காட்டாவுக்குப் போயிட்டாரு. நோட்டீஸ்ல சரபாந்த்னு அச்சடிச்சிருக்கு, மேடையில காணோம்.

கேட்டா நேரம் போதலையாம். எவ்வளவு நேரம்? அஞ்சு நிமிஷம். கடைசியில கைதட்டல் நிக்காம திரும்பி வந்து அதே டெபுஸியோட ‘க்ளேர் த லூன்’ வாசிச்சாரே, அதுவும் அதே அஞ்சு நிமிஷம்தானே, அதுக்கு மட்டும் நேரம் எங்கேருந்து வந்துச்சு? எனக்கு அது மேல ஒரு கோபமும் இல்ல, அதைக் கேட்டுதான் நானே பியானோ பக்கம் வந்தேன். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சதையே திரும்பத் திரும்ப வாசிச்சு தெரியாததை வெட்டினா, தெரியாதது எப்பதான் தெரிய வரும்?

‘சரபாந்த் 1894லயே வேற ஒரு தொகுப்புக்காக எழுதினது, 1901ல சூட் வெளிவந்தப்ப உள்ள சேர்த்தாரு, பிரிச்சா என்ன தப்பு’ன்னு ஒரு நண்பர் இன்பாக்ஸ்ல கேட்டாரு. நியாயமான கேள்வி. தனியா வாசிங்க, தாராளமா வாசிங்க, ராவெல்ங்கிற இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரே அதை மட்டும் எடுத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருக்காரு. ஆனா பழசை எடுத்துத் திருத்தி ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல கொண்டுவந்து வெச்சது டெபுஸிதானே? அதைத் தூக்கிட்டா மிச்சம் வெறும் ஓட்டம்தான். ‘ஸ்லோவா போரடிக்கும்’னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, 38 வயசுல பியானோ கத்துக்க ஆரம்பிச்சவ நான். சரபாந்த் எடுத்த அன்னிக்கு டீச்சர் என்னை ஸ்டூல்லயே உட்கார விடல. அவங்க வீட்டு வராந்தாவுல நடக்க வெச்சாங்க. ஒண்ணுல கால் வை, ரெண்டுல உடம்பைச் சாய்ச்சு நில்லு, மூணுல மெதுவா இழு. அந்தப் பழைய நடனத்துக்கு ரெண்டாவது எண்ணிக்கையிலதான் கனம். ஸ்பெயின்ல ஆபாசம்னு 1583ல தடை பண்ணின வேகமான ஆட்டம், பிரான்ஸ்ல மெதுவாகி ராஜசபைக்கே வந்துடுச்சுன்னு நடந்துக்கிட்டே சொன்னாங்க. டெபுஸி முதல்ல எழுதின பிரதியில, கம்பீரமான நிதானமான நளினம் வேணும், ஒரு பழைய உருவப்படம் மாதிரி, பாரிஸ் லூவ்ர் மியூசியத்து ஞாபகம் மாதிரின்னு குறிச்சிருக்காரு. அதைப் படிச்சுக் காட்டினப்புறம்தான் கட்டையில கை வைக்க விட்டாங்க. ரெண்டு கையும் கோர்ட் கோர்டா, அதாவது பல ஸ்வரத்தை ஒரே நேரத்துல அழுத்தி, சேர்ந்தே நகரணும், ஒரு விரல் முந்தினாலும் படம் கலைஞ்சிடும். எனக்கு நாலு மாசம் ஆச்சு.

நேத்து அவங்க என் பக்கத்து சீட்ல. 81 வயசு, ரெண்டு மெட்ரோ மாறி வந்தாங்க. பிரெலூட் முடிஞ்சதும் மடியில ரெண்டு கையையும் விரிச்சு வெச்சு கண்ணை மூடிக்கிட்டாங்க, முதல் கோர்டுக்காக. டொக்காட்டா தடதடன்னு ஆரம்பிச்சுது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாங்க, நோட்டீஸைப் பார்த்தாங்க, திரும்ப என்னைப் பார்த்தாங்க. க்ளேர் த லூனுக்கு ஊரே எழுந்து நின்னு கைதட்டறப்ப காதுகிட்ட வந்து, ‘நாம கிளம்பலாமாம்மா, எனக்குக் குளிருது’ன்னாங்க.