மிஷன் ட்ரிப் போய் வந்தவன் சொல்கிறேன்

இந்த வருஷமும் எங்கள் சபையில் வெளிநாட்டு மிஷன் ட்ரிப்புக்குப் பெயர் கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. "அண்ணே, நீங்க நேபாளம் போனீங்களே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று வாலிபர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மே 12-இல் இன்னொன்றும் வந்து ஓய்ந்ததும், திருநெல்வேலியிலிருந்து ஒன்பது பேர் கிளம்பினோம். சென்னையில் ரப்திசாகர் ரயில் பிடித்து கோரக்பூர், அங்கிருந்து சோனாலி எல்லை, அப்புறம் பஸ். ஆளுக்கொரு வசனம் அச்சடித்த டி-ஷர்ட் வேறு. தாதிங் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் இடிந்த வீடுகளின் கல்லை அப்புறப்படுத்த வேண்டும்.

அங்கே கல் சுமப்பது டோகோ என்கிற மூங்கில் கூடையில். கூடையைத் தாங்கும் பட்டையை நெற்றிக்குச் சற்று மேலே மாட்டிக்கொண்டு முதுகில் தூக்க வேண்டும். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தேன். கழுத்து பின்னால் இழுத்தது, கூடை சரிந்தது, கல்லெல்லாம் சிதறியது. பக்கத்தில் இருந்த, என் அம்மா வயதுள்ள திதி (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சிரித்துக்கொண்டே பாதிக் கல்லைத் தன் கூடையில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறிப் போய்விட்டார். இரண்டாம் நாள் என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவர்தான் கடுகெண்ணெய் சுடவைத்துக் கொண்டு வந்தார். வீடிழந்து தகரக் கொட்டகையில் இருப்பவர் அவர். உதவிக்கு வந்தவன் நான்.

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். இதுகூடத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தோம். அந்த ஏப்ரல் 25-உம் சனிக்கிழமைதான், பகல் 11.56. சபைகளில் ஆட்கள் கூடியிருந்த நேரம். ஆராதனையிலேயே செத்துப்போனவர்கள் உண்டு. அந்த ஜனங்கள் முன்னால் நின்று நான் நாற்பது நிமிஷம் 'உபத்திரவத்தில் பொறுமை' பற்றிப் பேசினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா மேடையேறி, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று வெள்ளைக்கார மிஷனெரிகளிடம் கேட்டார். மேலே நின்று கொடுப்பவராக இல்லாமல் சமமாகப் பழகுங்கள் என்று அர்த்தம். நம் ஊர்ப் பக்கம் இதைப் பெருமையாகச் சொல்லாத மிஷனெரிக் கூட்டம் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். தாதிங்கில் அந்த வெள்ளைக்காரர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், ஆனால் ஒன்பது பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். அந்த ஊர்ச் சபை சொல்கிற வேலையைச் செய்யுங்கள். மைக்கைத் தொடாதீர்கள். முக்கியமாக, போட்டோ போடாதீர்கள். 2018-இல் அமலான சட்டப்படி அங்கே மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை. நாம் லைக் எண்ணிக்கொண்டு ரயிலேறிவிடுவோம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவர் அந்த ஊர்ப் போதகர்.

நாங்கள் போய் வந்த அதே 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது அந்தக் கிராமத்துப் போதகர் போன் பண்ணினார். திருநெல்வேலி எங்கே, சென்னை எங்கே என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. "உங்கள் ஆட்கள் வீடு போயிற்றா?" என்று கேட்டார். எல்லையில் லாரிகள் முடங்கி, அங்கே சமையல் கேஸுக்கே திண்டாடிக்கொண்டிருந்த சமயம். சபையில் காணிக்கை எடுத்து வைத்திருக்கிறோம், 3,000 நேபாள ரூபாய், எப்படி அனுப்புவது என்றார். நம் பணத்தில் 1,875 ரூபாய்.

கடைசியில் காட்மாண்டுவிலிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் சபைப் பொருளாளர் கணக்கு நோட்டை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். மிஷன் என்ற தலைப்பில் செலவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது.