ம்குவாவாவின் தலையைத் திருப்பிக் கொடு

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியிடம் 1919-இல் கையெழுத்து வாங்கிய வெர்சாய் ஒப்பந்தத்தில் 440 பிரிவுகள் இருக்கின்றன. எல்லைகள், நஷ்ட ஈடு, படைக்குறைப்பு என்று போகிற அந்தப் பட்டியலில் 246-ஆவது பிரிவு ஒரு மண்டையோட்டைப் பற்றிப் பேசுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துப் போன சுல்தான் ம்குவாவாவின் மண்டையோட்டை ஆறு மாதத்துக்குள் பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைக்க வேண்டுமாம். செத்து இருபது வருடம் ஆன ஒருவரின் தலை, உலக வல்லரசுகளின் ஒப்பந்தத்துக்குள் வந்து நிற்கிறது!

ம்குவாவா இன்றைய தான்சானியாவின் இரிங்கா பகுதியில் வாழும் ஹெஹே மக்களின் அரசர். தலைநகரம் கலெங்கா. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே போய்வந்த வணிகக் கூட்டங்களிடம் சுங்கம் வாங்கும் அளவுக்கு அவருடைய அதிகாரம் ஓங்கியிருந்தது. ஜெர்மானியர்களுக்கு அந்தப் பாதைதான் தேவைப்பட்டது. 1891-இல் செலெவ்ஸ்கி என்ற தளபதி பீரங்கிகளோடும், அஸ்காரிகள் என்றழைக்கப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களோடும் வழியிலிருந்த ஊர்களை எரித்துக்கொண்டே வந்தார். ஆகஸ்ட் 17 அன்று லுகாலோவில் புதருக்குள் காத்திருந்த ஹெஹே வீரர்கள், நீண்ட வரிசையாக நடந்து வந்த அந்தப் படைமீது ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் கையில் ஈட்டிதான். பீரங்கிகளைப் பூட்டி நிறுத்தக்கூட எதிரிக்கு நேரம் கிடைக்கவில்லை. செலெவ்ஸ்கி செத்தார், படையில் பெரும்பகுதி அழிந்தது.

ஆப்பிரிக்க அரசர்கள் என்றாலே எந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் ஈட்டியோடு ஓடிவந்து செத்த அப்பாவிகள் என்று ஒரு சித்திரம் நம் மனதில் பதிந்திருக்கிறது. பரிதாபப்படுவது போலத் தோன்றினாலும் அது அவமதிப்புதான். ம்குவாவாவுக்குத் துப்பாக்கி என்ன செய்யும் என்று நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அது பயன்படாத இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தார். அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. அக்கம்பக்கத்து மக்கள்மீது படையெடுத்துக் கொள்ளையடித்த அரசர் அவர். சங்கு இனத்தவர் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்ததற்கு அந்தப் பழைய பகையும் ஒரு காரணம். வெள்ளையர்கள் ஆப்பிரிக்காவைப் பிடித்ததில் பாதி வேலையை இப்படிப்பட்ட பகைகள்தான் செய்து கொடுத்தன.

1894 அக்டோபரில் ஜெர்மானியர்கள் திரும்ப வந்து, கலெங்காவின் மதிலைப் பீரங்கியால் உடைத்துக் கோட்டையைப் பிடித்தார்கள். அரசர் மட்டும் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஏறத்தாழ நான்கு வருடம் காட்டிலிருந்து தாக்கிக்கொண்டே இருந்தார். நாடு போய்விட்டது, கோட்டை போய்விட்டது, ஆனாலும் ஜனங்கள் அவருக்குச் சோறு கொடுத்தார்கள், இருக்குமிடத்தைச் சொல்ல மறுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை லுகாலோ வெற்றியைவிட இதுதான் பெரிது. அவர் தலைக்கு 5,000 ரூபாய் பரிசு அறிவித்தார்கள். (ஆமாம், ரூபாய்தான். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் நாணயமும் அதுவே.) 1898 ஜூலை 19 அன்று துரத்தி வந்தவர்கள் நெருங்கியபோது, பிடிபட மனமில்லாமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தலையை வெட்டி எடுத்துப் போனார்கள். உடலைத்தான் குடும்பத்தார் ம்லம்பலாசியில் புதைக்க முடிந்தது.

சரி, பிரிட்டனுக்கு ஏன் அந்தத் தலை மேல் அக்கறை? ஜெர்மனியிடமிருந்து அந்த நாட்டைத் தான் எடுத்துக்கொண்டது, ஹெஹே மக்களின் ஆதரவு தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஜெர்மனியோ கையில் இல்லை என்று சொல்லிவிட்டது. விஷயம் அப்படியே கிடந்தது. கடைசியில் ட்வைனிங் என்ற பிரிட்டிஷ் ஆளுநர் ஜெர்மனியின் பிரேமன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த மண்டையோடுகளை அளந்து, ம்குவாவாவின் உறவினர்களின் தலை அளவோடு ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 1954 ஜூனில் அரசரின் பேரன் ஆதம் சாபியிடம் அதை ஒப்படைத்தார்கள். இதே ஆதம் சாபிதான் பின்னாளில் தான்சானிய நாடாளுமன்றத்தின் சபாநாயகராக நீண்ட காலம் இருந்தார். அது உண்மையில் ம்குவாவாவின் தலைதானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அந்த அருங்காட்சியகத்தில் ஏன் அத்தனை தலைகள் இருந்தன என்று அப்போது எத்தனை பேர் கேட்டார்கள்? இனங்களைத் தரம் பிரிக்கிறோம், அதற்குப் பெயர் அறிவியல் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தார்கள். பெர்லினில் மட்டும் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை, எங்கிருந்து வந்தவை என்று கண்டறிய அண்மையில் ஆராய்ந்தார்கள். 2023-இல் அவற்றில் மூன்றுக்கு, உயிரோடிருக்கும் உறவினர்களை மரபணுச் சோதனை மூலம் கண்டுபிடித்தார்கள். பிரான்ஸ் கதையும் இதுதான். மடகாஸ்கரில் 1897-இல் பிரெஞ்சுப் படை சகலாவா அரசர் தோயெராவைக் கொன்று தலையை எடுத்துப் போனது. அவருடையது என்று கருதப்படும் மண்டையோட்டை 2025-இல்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். திருடியவன் வீட்டில் பொருள் இருக்கிறது, அது தன்னுடையது என்று நிரூபிக்கும் பாரம் மட்டும் பறிகொடுத்தவன் தலையில். யாருடைய தலை, எந்தப் போரில், எந்த அதிகாரி அனுப்பியது என்ற பதிவுகளெல்லாம் ஐரோப்பாவின் அலமாரிகளில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் ஏன் அங்கே போய் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்? இருப்பதை முழுப்பட்டியலாக அருங்காட்சியகங்களே வெளியிடட்டும். அந்தந்த நாட்டு ஆய்வாளர்களுக்கு ஆவணங்களைத் திறந்துவிடட்டும், மரபணுச் சோதனைக்கும் தலைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் ஆகிற செலவை அந்த அரசுகளே ஏற்கட்டும்.

1906-இல், ஜெர்மன் ஆட்சியை எதிர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் நடத்திய மாஜி மாஜி போரின்போது, ங்கோனி இனத் தலைவர் சொங்கேயா ம்பானோவை ஜெர்மானியர்கள் தூக்கிலிட்டார்கள். அவர் பெயராலேயே இன்று வழங்கும் சொங்கேயா நகரத்துக்கு 2023 நவம்பரில் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் நேரில் போய், அவருடைய வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டார். தலையைத் தேடுவதாகவும் வாக்குக் கொடுத்தார். ஜெர்மனிக்குப் போனதாகச் சொல்லப்படும் அந்தத் தலைக்காகக் குடும்பம் நூறு வருடத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறது.