கரையைப் பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?

தண்ணி அசையாம நின்னாத்தான் மலை அதுல தெரியும். இதைப் புரிஞ்சுக்க என்னய்யா பெரிய படிப்பு வேணும்?

சுவிட்சர்லாந்துல செர்மாட்னு ஒரு மலை ஊர், அதுக்கு மேல 2537 மீட்டர் உயரத்துல ஸ்டெல்லிஸேன்னு ஒரு ஏரி. அஞ்சு ஏரியைத் தொட்டுட்டுப் போற மலைப்பாதை ஒண்ணு இருக்கு, அஞ்சு ஏரி நடைன்னு பேரு. அதுல முதல் ஏரி இதுதான். முதல் வண்டியைப் பிடிச்சு மேல வந்து, குளிர்ல கையைத் தேய்ச்சுக்கிட்டு ஒரு கூட்டமே நிக்குது. மேட்டர்ஹார்ன் சிகரம் தண்ணியில தலைகீழா விழறதைப் பாக்கணும், அவ்வளவுதான் ஆசை. காத்து கிளம்பறதுக்கு முன்னாடி கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் அது. வெயில் ஏறினா தண்ணி சிலுசிலுக்க ஆரம்பிச்சிடும். மத்தியானத்துல பல நாள் சிகரத்து மேலயே மேகம் வந்து உக்காந்துக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல ஒரு மகராசன் வந்து, தட்டைக் கல்லாப் பாத்துப் பொறுக்கி, தண்ணி மேல தத்தித் தத்திப் போக விடறான். நாலு தத்து தத்தினதும் கூட வந்தவங்க கைதட்டல் வேற. சுத்தி நின்ன அத்தனை பேர் மூஞ்சியும் செத்துப் போச்சு. அவனோ அடுத்த கல்லைத் தேடறான்.

இன்னொரு கூட்டம் முக்காலியோட வருது. தண்ணியை ஒட்டி மூணு காலையும் ஊனிட்டா அப்புறம் அந்த இடம் அவங்க பாட்டன் சொத்து. படம் எடுத்தாச்சுன்னா நகர வேண்டியதுதானே? மாட்டாங்க. சட்டை மாத்திட்டு ஒரு தடவை, தொப்பி போட்டுட்டு ஒரு தடவை, வானத்தைப் பாத்து யோசிக்கிற மாதிரி ஒரு தடவை. பின்னாடி ஒரு பாட்டி ஊன்றுகோலோட பொறுமையா நிக்கறாங்க. "கொஞ்சம் ஃபிரேம்லேர்ந்து தள்ளி நில்லுங்களேன் அண்ணா"ன்னு என்கிட்ட சுத்தத் தமிழ்ல ஒரு குரல். தம்பி, இது ஏரிக்கரைப்பா, ஸ்டுடியோ இல்லை!

ட்ரோன் கதைக்கு வருவோம். மலையில மாட்டிக்கிட்டவங்களைத் தூக்கிட்டு வர மீட்பு ஹெலிகாப்டர்கள் அடிக்கடி பறக்கிற பள்ளத்தாக்கு இது. அங்க போய் கொசு மாதிரி ரீங்காரத்தோட அந்தச் சனியனைப் பறக்க விடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்?

ஸ்பீக்கர் அதை விடக் கொடுமை. செர்மாட்டுக்குள்ள சாதாரண காரே வர முடியாது. கீழ டேஷ்ங்கிற ஊர்ல நிறுத்திட்டு ரயில்ல வரணும். ஊருக்குள்ள ஓடறது பெரும்பாலும் சத்தமில்லாத குட்டி மின்சார வண்டிங்கதான். அப்படி ஒரு ஊருக்கு வந்து, அதுக்கும் 900 மீட்டர் மேல ஏறி, பையிலேர்ந்து புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து குத்துப்பாட்டு போடறாங்க. பாட்டு மேல எனக்குக் கோவம் இல்லை, காதுல மாட்டிக்கிட்டுக் கேளேன்.

இதுல வயிறு எரியற விஷயம் என்னன்னா, இந்தக் கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் ஸ்டெல்லிஸேயைத் தாண்டறதே இல்லை. செர்மாட்லேர்ந்து மேல சுன்னெகா நிலையம் வரைக்கும் சுரங்க ரயில், அங்கேர்ந்து பிளவ்ஹெர்டுக்குத் தொங்கு வண்டி, அப்புறம் இருபது நிமிஷ நடை, ஒரு ரீல்ஸ், திரும்பு. மறுநாள் "அஞ்சு ஏரி நடை முடிச்சாச்சு"ன்னு பதிவு! அஞ்சுல மூணு ஏரியில மேட்டர்ஹார்ன் பிம்பம் விழும்யா. ஸ்டெல்லிஸேயை விட்டா கிரிண்ட்ஜிஸே இருக்கு, லைஸே இருக்கு. கிரிண்ட்ஜிஸே சின்னதுதான், ஆனா சுத்தி லார்ச் மரங்க. இலையுதிர் காலத்துல அந்த ஊசியிலை எல்லாம் பொன் நிறமாகி, மலையோட சேந்து தண்ணியில கிடக்கும். என்னைக் கேட்டா ஸ்டெல்லிஸேயை விட அதுதான் அழகு. அங்க போய்ப் பாத்தா ஈ காக்கா இல்லை. குரூன்ஸேயைச் சுத்தி கல்லும் பாறையுமா ஒரு முரட்டு அழகு. மோஸ்ஜிஸே மனுசன் கட்டின தேக்கம், ஆனா பனியாத்துத் தண்ணி பாறையை அரைச்ச தூளைச் சுமந்துட்டு வர்றதால பால் கலந்த பச்சை நீலத்துல மின்னும். அதைப் பாத்துட்டு "ஃபில்டர் போட்டதா?"ன்னு ஒருத்தன் கேக்கறான். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து கேளுடா.

கறுப்பு மூஞ்சி செம்மறி ஆடுங்களையும் விட்டு வைக்கறதில்லை. செர்மாட் இருக்கிற வாலே மாநிலத்துக்காரங்க பெருமையா வளக்கிற இனம் அது, மூஞ்சி கறுப்பு, உடம்பெல்லாம் சுருட்டை வெள்ளை ரோமம். தன் பாட்டுக்குப் புல்லு மேயற ஜீவனைக் கொம்பைப் பிடிச்சு இழுத்து செல்ஃபியா?

அப்புறம் கைகாட்டிப் பஞ்சாயத்து. மஞ்சப் பலகையில போட்டிருக்கிறது நடக்கிற நேரம் மட்டும்தான். ஓய்வெடுக்கிறது, சாப்பிடறது எதுவும் அதுல சேராது. கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம்னு பாத்துட்டு, சாயங்காலம் கிளம்பி, ஏரிக்கு ஏரி முக்கால் மணி நேரம் போஸ் கொடுத்துட்டு, கடைசி வண்டி போனதும், நடை முடியற சுன்னெகாவுல நிக்கிற ஊழியர்கிட்ட எகிற வேண்டியது. அவர் என்ன பண்ணுவார் பாவம்? அங்கேர்ந்து செர்மாட் கிட்டத்தட்ட 700 மீட்டர் இறக்கம். பாதை நல்லாவே இருக்கு. வெள்ளை ஸ்னீக்கரோட இறங்குங்க.