நிற்க இடமில்லை என்பது ஒரு பதிலா?

இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றும் அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். "வாயுக் கிரகத்துக்குப் போனா எப்படி இருக்கும் சார்?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்கிறாள். "நிக்கவே இடமில்லாத ஊருக்கு எதுக்கும்மா போறே, பப்ளிக் எக்ஸாமுக்குப் படி" என்கிறார் மேடையில் இருந்தவர். அரங்கமே சிரிக்கிறது. அவள் மைக்கைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உட்காரும்போது முகத்தைப் பார்த்தீர்களா?

அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. வாயுக் கிரகம் என்றால் வியாழன், சனி போல, கால் ஊன்றத் தரையில்லாமல் பெரும்பாலும் வாயுவாலேயே ஆன கிரகம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து 2024-இல் படம் வெளியான, வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் எப்சிலான் இண்டி ஏபி என்ற கிரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஒளியாண்டு தூரம். வியாழனைப் போல ஆறு மடங்கு நிறை. வெப்பநிலை சுமார் 2 டிகிரி, குளிர்தான், ஆனால் நமக்குப் பழகிய அளவு. அதுவும் அதன் சூரியன் தரும் சூடு இல்லை, பெரும்பாலும் கிரகத்தின் உள்ளிருந்தே வருவது. அந்தச் சூரியன் அங்கிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும் ஒரு புள்ளிதான். நம் எடை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். சுற்றிலும் ஹீலியத்தைவிட லேசான ஹைட்ரஜன் என்பதால் மெரினாவில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடும் ஹீலியம் பலூன் அங்கே மேலே போகாது, கீழே இறங்கும். மிதக்க வேண்டுமானால் ஹைட்ரஜனையே சூடாக்கிப் பையில் அடைக்க வேண்டும். மிதக்காமல் விழுந்தால்? 1995-இல் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கருவி வியாழனுக்குள் இறங்கி, அழுத்தமும் சூடும் ஏற ஏற, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தகவல் அனுப்பிவிட்டு அடங்கியது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா?

ஆறாம் வகுப்பில் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குப் போய்வந்த மறுநாள், "சனியில் இறங்கினால் கால் எங்கே படும்?" என்று கேட்டேன். "உட்காரு" என்றார் வாத்தியார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் கை தூக்கவே இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம், ஒத்துக்கொள்கிறேன்.

'அவர் விளையாட்டாகச் சொன்னார்' என்பீர்கள். சரி, விளையாடிவிட்டுப் பதிலையும் சொல்லியிருக்கலாமே. 'வாயேஜர் விண்கலத்தின் வேகத்தில் போனால் இரண்டு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும், யார் போகப் போகிறார்கள்?' உண்மைதான். யாரும் போகப் போவதில்லை. அவள் டிக்கெட் கேட்கவில்லையே, எப்படி இருக்கும் என்றுதானே கேட்டாள்! 'வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது, உனக்குக் கிரகம் முக்கியமா?' என்று ஒருவர் நிச்சயம் வருவார். நானும் வேளச்சேரிதான். 2015-இல் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. அதைப் பேச வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அவளுக்கு முன்னால் ஒரு பையன் ராக்கெட் பற்றிக் கேட்டான். அவனிடம் பரீட்சையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெண் பிள்ளை கேட்டால் மட்டும் ஏன் படிப்பு ஞாபகம் வருகிறது? வீட்டிலும் இதே கதைதான், மொட்டை மாடியில் அண்ணன் நிற்கலாம், தங்கை நின்றால் "அங்கே என்னடி வேலை?"

அந்தப் பிள்ளையின் வீட்டார் கண்ணில் இது பட்டால் அவளிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த கேள்வி இருந்தால் இங்கேயே கேட்கட்டும், தெரிந்தவர்கள் பதில் எழுதுவோம். சிரிக்க வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள்.