2002 லேக்கர்ஸ் – கிங்ஸ் ஆறாவது ஆட்டத்தின் நடுவர்கள் யார்?

அமெரிக்கக் கூடைப்பந்துத் தொழில்முறை லீகான என்பிஏவின் 2002ஆம் ஆண்டு மேற்கு மண்டல இறுதித் தொடரில், லேக்கர்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், பின்னாளில் சூதாட்ட வழக்கில் தண்டனை பெற்ற டிம் டோனகியே நடுவராக நின்று சாக்ரமென்டோ கிங்ஸ் அணியைத் தோற்கடித்தார் என்று ஒரு கூற்று உண்டு. அது சரியன்று. மே 31 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அந்த ஆட்டத்தின் நடுவர்கள் டிக் பவெட்டா, டெட் பெர்ன்ஹார்ட், பாப் டெலனி ஆகிய மூவர். டோனகி அன்று களத்திலேயே இல்லை.

குழப்பத்தின் தோற்றுவாய் வேறு. 2008 ஜூனில் டோனகியின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அளித்த கடிதம், பெயர் சுட்டாமல், 2002ஆம் ஆண்டுத் தொடர் ஒன்றின் ஆறாவது ஆட்டத்தில் நடுவர்கள் ஒருதலையாக நடந்துகொண்டதாகக் கூறியது. என்பிஏ அதை மறுத்தது. குற்றம் சாட்டியவரையே நாளடைவில் குற்றவாளியாக்கிவிட்டோம்.

கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள் (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தடையற்ற எறிதல்கள்) கிடைத்ததும், லேக்கர்ஸ் வீரர் கோபி பிரையன்ட்டின் முழங்கை பட்டு கிங்ஸ் வீரர் மைக் பிபியின் மூக்கில் ரத்தம் வந்தும் விசில் ஊதப்படாததும் உண்மை. அந்த ஆதங்கத்தை நான் மறுக்கவில்லை. ஐயமுள்ளவர்கள் பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அந்தத் தேதியின் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து, அடியில் நடுவர்கள் என்ற வரியைப் பார்க்கலாம்.