லில்லியையும் மணி பிளான்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

பூனைக்கு ஆகாத 10 செடிகள் என்று உங்கள் கட்டுரையில் லில்லி, மணி பிளான்ட் எல்லாவற்றையும் ஒரே வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் மணி பிளான்டைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், வாந்தி வரலாம், பெரும்பாலும் அதோடு சரி. லில்லி அப்படியல்ல, சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே விஷம். மகரந்தத் தண்டை மட்டும் வெட்டிவிட்டால் போதும் என்பது தப்பு.

மகரந்தம் ரோமத்தில் பட்டால் பூனை நக்குவதற்குள் துண்டில் சுற்றிப் பிடித்து, ஈரத்துணியால் துடைத்துக் கழுவுங்கள். நக்கிவிட்டதோ என்று சந்தேகம் இருந்தாலே கால்நடை மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான். முதல் வாந்தி நின்றதும் தேறிவிட்ட மாதிரி தெரியும். ஏமாற வேண்டாம், 1 முதல் 3 நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். லில்லி உள்ளே போன 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றினால்தான் நம்பிக்கை. ஏற்காட்டில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது தனி ஆபத்து. கடித்த செடியில் ஒரு துண்டைக் கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.

பட்டியலில் விட்டுப்போனவை: சாமி படத்து அரளி மாலை (இதயத்தைத் தாக்கும்), செங்காந்தள் (கிழங்கு மகா மோசம்), நர்சரிகளில் அழகுக்கு விற்கும், குட்டிப் பனை மாதிரி இருக்கும் சைகஸ் (கல்லீரலைத் தாக்கும், அதிலும் கொட்டை மோசம்). அரளி மாலை வாடியபின்னும் விஷம்தான், மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

பூ வேண்டுமென்றால் ரோஜா, செம்பருத்தி, மல்லிகை வையுங்கள்.