வண்டியை எண்ணினால் மட்டும் போதுமா?

மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸால் ஊட்டி வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒரு கட்டுரையாளர் எழுதி வருந்துகிறார். கடைக்காரர்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு விதித்த வரம்பே வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். அரசுப் பேருந்துக்கு அந்த வரம்பும் கிடையாது. இது சின்ன எண்ணிக்கையா?

என் குறை வேறு. மலைக்கு மேலே போகும் வண்டியை எண்ணுகிறோம். கீழே முதுமலைக் காட்டைக் கடக்கும் நெடுஞ்சாலையை யார் பார்ப்பது? போன மே மாதம் தெப்பக்காடு அருகே ஒரு குடும்பம் காரை ஓரங்கட்டிவிட்டு, குரங்குக்குச் சிப்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. அது பொட்டலத்தையே பிடுங்கிக்கொண்டு மரமேறியது. சற்று நேரத்தில் காலி உறை புள்ளிமான்கள் மேய்ந்த புல்லில் வந்து விழுந்தது. உப்பு ருசிக்கு மான் அதையும் மெல்லும். பின்னால் வந்த நான்கு வண்டிகளும் நின்று படமெடுத்தன (நான் வந்த வேனும்தான், ஒப்புக்கொள்கிறேன்).

வனத்துறை வாகனத்தில் சஃபாரி போகிறவர் இறங்க முடியாது. அதே காட்டை நெடுஞ்சாலையில் கடப்பவர் இஷ்டத்துக்கு நிற்கிறார். இந்தக் காட்டுச் சாலையின் இரு முனைச் சோதனைச் சாவடிகளான தொரப்பள்ளியிலும் கக்கநல்லாவிலும் நேரம் குறித்த சீட்டு கொடுத்து, மறுமுனையில் சரிபார்த்தால் என்ன? வழியில் அரை மணி நேரம் கூடுதலாகக் கழித்தவரிடம் அபராதம் வாங்குங்கள்.